மழை வந்தால் ஜன்னலைத் திறப்பவள்

என் மனைவி கிருஷாந்தி என்ன வேலை செய்கிறாள் என்று கண்டிக்குப் பக்கத்தில் எங்கள் கெலிஓயாவில் விசாரித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் டொக்டர் என்பார் ஒருவர். கெம்பஸில் படிப்பிக்கிறார் என்பார் இன்னொருவர். என் ஹாட்வெயார் கடைக்கு எதிரே பேக்கரி வைத்திருக்கும் நிஸாம் மட்டும், "அவங்க புண்ணுக்குப் போடுற துணி செய்றாங்க" என்று கொஞ்சம் கிட்ட வருவான். அவனுக்கு அது போதும், எனக்குப் போதாது. அவள் வேலையை யாராவது அரைகுறையாகச் சொன்னால் எனக்குச் சுள்ளென்று ஏறிவிடும். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். என் பெயர் மோகனராஜ். பைப்பும் பெயின்டும் ஆணியும் விற்கிறவன் விஞ்ஞானம் சொல்ல வந்துவிட்டானே என்று சிரிப்பவர்கள் தாராளமாகச் சிரிக்கட்டும்.

தோல் வெந்துபோனால் அந்த இடத்தை மூடுவதற்கு உடம்பு புதிய செல்களை அனுப்புகிறது. செல் என்றால் கண்ணுக்குத் தெரியாத உயிருள்ள துணுக்கு. நம் உடம்பே அவற்றால் கட்டியதுதான். அந்தச் செல்கள் சும்மா மிதந்துகொண்டு வேலை பார்க்காது, பிடித்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். பிடி கிடைத்தால் காலை அகட்டி உட்காரும், பெருகும், பக்கத்தில் இருப்பதோடு கைகோத்துக்கொள்ளும். கிடைக்காவிட்டால் உருண்டையாகச் சுருண்டு செத்துப்போகும். கிருஷாந்தி செய்வது அந்தப் பிடியைத்தான். ஒரு தலைமயிரை நூறாகக் கிழித்தால் எவ்வளவு மெல்லியதாக இருக்குமோ, அவ்வளவு மெல்லிய நூல்களால் ஆன துணி. காயத்தின்மேல் அதைப் போட்டால் செல்கள் தங்கள் வீடென்று நினைத்துக் குடியேற வேண்டும். பிறகு துணி தானாகக் கரைந்துவிடும். கழற்றவே வேண்டியதில்லை.

கழற்றவே வேண்டியதில்லை என்பதைச் சொல்லும்போது அவள் இடது முழங்கையைத் தடவிக்கொள்வாள். அங்கே ஒரு பழைய தழும்பு இருக்கிறது. கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா கணபதி தோட்டத்து லொறி டிரைவர், அம்மா வேலாயி கொழுந்து எடுத்தவர். பள்ளிக்கூடம் சேர்ந்த புதிதில் தண்ணீர் கொதித்த கேத்தலைக் கையில் கவிழ்த்துக்கொண்டாள். டிஸ்பென்சரியில் வெள்ளைத் துணி வைத்துக் கட்டினார்கள். கட்டை மாற்றும்போதெல்லாம் துணியோடு சேர்ந்து புதுத் தோலும் பிய்ந்து வரும். "வெந்ததைவிட அவிழ்க்கிறதுதாங்க பயம்" என்று எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் சொன்னாள். அந்த ஒரு பயத்தைப் பிடித்துக்கொண்டு கண்டியில் படித்து, பேராதனையில் படித்து, ஜப்பானுக்குப் போய் டொக்டர் பட்டமும் வாங்கி, திரும்பி வந்துவிட்டாள். ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்காத ஆள் இல்லை. "அங்க என்னை மாதிரி ஆளுங்க நிறைய இருக்காங்க. இங்க வெந்துபோன கைதான் நிறைய இருக்கு" என்பாள்.

அம்பிட்டிய மேட்டில் ஓர் ஆய்வு நிலையத்தில் வேலை கிடைத்தது. வேலை கொடுத்தார்களே தவிர மெசின் கொடுக்கவில்லை. அதனால்தான் என் கடைக்கு வந்தாள். மணிக்கட்டுப் பருமனில் ஒரு பைப், ஒரு சின்ன மோட்டர், செப்புக் கம்பி, அலுமினியத் தாள் என்று கேட்டாள். என்ன கட்டப்போகிறீர்கள் என்றேன்.

"இடியப்ப உரல் மாதிரி ஒண்ணு. ஆனா கரண்ட்ல புழியும்."

என்னைக் கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் மோட்டரைத் திருப்பிக்கொண்டு வந்தாள், ஆடுகிறதாம். மாற்றிக் கொடுத்தேன். அதையும் கொண்டுவந்தாள். மறுபடி மாற்றினேன், மறுபடி வந்தாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. "வைங்க, நானே வந்து பாக்கிறேன், ஆடுறது மோட்டரா உங்க மேசையா" என்று கத்திவிட்டு கடைச் சாமான் ஏற்றும் வானை எடுத்துக்கொண்டு அம்பிட்டியவுக்குப் போனேன்.

பழைய கட்டடத்தில் ஓர் அறை. மழைக்கு உப்பிப்போன மரச் சட்டம், அதனால் ஜன்னல் என்றைக்கும் முழுதாக மூடாது. எதிர்ச் சுவரில் ஒரு ஏசி, அதில் குளிரைவிடச் சத்தம்தான் அதிகம். ஜன்னல் பக்கத்தில்தான் பிளக் இருந்தது என்பதால் அங்கேயே மெசினை வைத்திருந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் ஊசி, எதிரே என் கடைப் பைப் சுழல்கிறது. ஊசி முனையில் பசை மாதிரி ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. அவள் சுவிட்சைப் போட்டதும் அந்தச் சொட்டு கீழே விழவில்லை. கரண்ட் அதைப் பிடித்து இழுத்தது. சொட்டு நூலாகி, நூல் புகையாகி, அந்தப் புகை போய்ப் பைப்பில் வெள்ளையாகச் சுற்றிக்கொண்டது. நான் சண்டை போட வந்ததையே மறந்துவிட்டேன். மோட்டர் உண்மையாகவே ஆடியது. கடையிலிருந்து ரப்பர் வாஷர் எடுத்துவந்து மாட்டிக் கொடுத்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வாரமும் அந்த மோட்டரைப் பார்க்கப் போனேன், மோட்டருக்கு ஒன்றும் இல்லாதபோதும்.

கட்டுக்கலைப் பிள்ளையார் கோவிலில் எங்களுக்குக் கல்யாணம். தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, மாப்பிள்ளையையும் பெண்ணையும் வீட்டுக்கு அழைத்துப் போகும் வான் நேராக அம்பிட்டியவுக்குப் போனது. செல்லுக்குச் சாப்பாடு கொடுக்கும் நாளாம். ரோஸ் நிறத்தில் ஒரு திரவம், அதை மாற்றி வைக்காவிட்டால் எல்லாம் செத்துப்போகும். கூறைச் சேலைக்கு மேலே வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு என் மனைவி உள்ளே போனாள். நான் மாலையும் கழுத்துமாக வெளியே கதிரையில் உட்கார்ந்திருந்தேன். காவலாளி பால் விடாத பிளேன்டி கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு முன்னால் செல்தான் சாப்பிட்டது, இன்றைக்கும் அப்படித்தான். பெரஹரா ஊர்வல நாட்களில் ரோட்டை மூடிவிட்டால் யானைகளுக்குக் குறுக்கே போக வழி கேட்கும் ஒரே ஆள் அவளாகத்தான் இருப்பாள்.

அவளோடு ரிஸ்னா சேர்ந்தாள். அக்குறணைப் பெண், செல் வளர்ப்பதில் கெட்டிக்காரி, வாய் அதைவிடக் கெட்டி. இரண்டு பேரும் சேர்ந்து வருஷக்கணக்காக உழைத்தார்கள். துணியில் செல் ஒட்டியது. சும்மா ஒட்டவில்லை, கப்பென்று பிடித்துக்கொண்டு ஊர்ந்து பரவியது. அதை ஒரு கட்டுரையாக எழுதினாள், வெளிநாட்டுச் சஞ்சிகையில் வந்தது. எங்கிருந்தெல்லாமோ பாராட்டு வந்தது. நான் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் லட்டு கொடுத்தேன். ஆணி வாங்க வந்தவர், "என்னத்துக்கு லட்டு?" என்று கேட்டால் அரை மணித்தியாலம் விளக்கம் சொல்லித்தான் அனுப்புவேன்.

கட்டுரையின் புண்ணியத்தில் புதுக் கட்டடத்தில் பெரிய ஆய்வுகூடமும் கிடைத்தது. பளபளவென்று தரை, சத்தமே இல்லாத ஏசி, இறுக மூடும் கண்ணாடி ஜன்னல். பழையதை இடித்து வாகனம் நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். ஈரக் காற்று நூலைக் கெடுக்கும் என்று புத்தகங்களில் போட்டிருப்பதால் அந்த உலர்ந்த அறையைப் பார்த்துக் கிருஷாந்தி பூரித்துப் போனாள்.

அங்கே குடிபோன கொஞ்ச நாளில் பின்லாந்திலிருந்து ஐனோ என்ற விஞ்ஞானி எழுதினார். நல்ல மனுஷி, மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். கட்டுரையில் சொன்னபடியே துணி செய்தோம், எங்கள் செல்கள் ஒட்டவில்லை, எங்கே தவறு செய்கிறோம் என்று காட்டித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

"எங்கயோ சொதப்பியிருக்காங்க. செஞ்சு வீடியோ எடுத்து அனுப்பிருவோம்" என்று கிருஷாந்தி சிரித்தாள். புது அறையில் நூல் நூற்றாள். ரிஸ்னா அதில் செல்லை விட்டாள். வழக்கமாக மறுநாளே ஒட்டியிருக்கும். மறுநாள் நுணுக்குக்காட்டியில் பார்த்த ரிஸ்னாவின் முகம் தொங்கிப்போனது.

"மிஸ், எல்லாம் ஜவ்வரிசி மாதிரி உருண்டீக்கி. ஒண்ணாலும் பிடிக்கல்ல."

மறுபடி செய்தார்கள். கரைசலைப் புதிதாகக் கலக்கினார்கள். ஊசியை மாற்றினார்கள். நான் புது மோட்டர் கொண்டுபோய்க் கொடுத்தேன். எதற்கும் செல் மசியவில்லை. தன் கையால் செய்து, தன் கண்ணால் பார்த்து எழுதிய விஷயம் இப்போது அவள் கைக்கே வரவில்லை. எனக்கும் பயம்தான். ஆனால் வாயைத் திறந்தால் கோபம்தான் வந்தது.

"பின்லாந்துக்காரிக்கு ஒட்டலன்னா நமக்கென்ன? உனக்கு அன்னைக்கு ஒட்டுச்சா இல்லையா? ஒட்டுச்சு. அதோட விடு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கண் சிவந்திருந்தது. "நாளைக்கு ஒரு டொக்டர் என் கட்டுரையை நம்பி ஒரு புள்ள கையில இதைச் சுத்துவாருங்க. ஒட்டலன்னா மறுபடி அவிழ்ப்பாங்க. அந்தப் புள்ள கத்தும். நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?"

நான் கதிரையை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தீபாவளி வரைக்கும் பாப்பேன்" என்றாள். "எனக்கும் ஒட்டணும், அவங்களுக்கும் ஒட்டணும். இல்லன்னா கட்டுரையைத் திருப்பி எடுத்துக்கிறேன்னு நானே எழுதிக் குடுத்திருவேன்."

திருப்பி எடுப்பது என்றால் என்ன என்று ரிஸ்னாதான் எனக்குச் சொன்னாள். இத்தனை வருஷ உழைப்பையும் பொய் என்று தானே உலகத்துக்குச் சொல்வது. அப்புறம் அந்தத் துணியை யாரும் தொட மாட்டார்கள். அன்றிரவு கிருஷாந்தி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் இறங்கவில்லை.

அதற்குள் நவராத்திரி வந்துவிட்டது. என் கடையில் ஆயுத பூசை என்றால் சும்மா இல்லை. தராசுக்குப் பொட்டு, வானுக்குப் பொட்டு, பைப் அறுக்கும் வாளுக்குப் பொட்டு. மாமா கணபதி தோட்டத்து லொறிக்கு வாழைக்கன்று கட்டுகிற ஆள், அவர் மகளின் மெசின் மட்டும் மூளியாக நிற்கலாமா? பூசைச் சாமான்களோடு அம்பிட்டியவுக்குப் போய் இறங்கினேன்.

"என்னங்க இது? இது லேப். கோயில் இல்ல."

"என் கடையில காசு எண்ணுற மெசினுக்குக்கூட வைக்கிறேன். உன் மெசின் என்ன பாவம் பண்ணுச்சு? சரஸ்வதியைக் கூப்பிடாம ஒட்டு ஒட்டுன்னா எப்படி ஒட்டும்?"

"சாம்பிராணி செல் ரூம் பக்கம் வந்துச்சு, உங்களைப் பிடிச்சு இன்குபேட்டருக்குள்ள வச்சுப் பூட்டிருவேன்."

அதுதான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் ரிஸ்னா வாசலில் நின்று, "நானா, பூசை ஒங்கட, கடலை எங்கட. கெதியா முடிங்கோ" என்றாள். கூரையில் புகை மணி ஒன்று இருந்தது. சாம்பிராணி போட்டால் அது அலறும், கட்டடமே காலியாகும். ஆகவே ஏசியை நிறுத்தினோம். மெசினை ஆளுக்கொரு பக்கம் தூக்கி, திறக்கக்கூடிய ஒரே ஜன்னலுக்குக் கீழே வைத்து, கண்ணாடியை விரியத் திறந்துவிட்டோம். மெசினின் கதவில் சந்தனத்தைத் தாராளமாகத் தீற்றி, நடுவில் பெரிதாகக் குங்குமம் வைத்தேன். புத்தகங்களையும் ஊசிகளையும் அடுக்கி, அவல், கடலை, சர்க்கரைப் பொங்கல் படைத்தேன். தேவாரம் எனக்குப் பாதிதான் தெரியும், மீதியைக் கிருஷாந்தி முணுமுணுப்பாகப் பாடி முடித்தாள். சாம்பிராணி ஜன்னல் வழியாக மலைக்குப் போனது. அன்றைக்கு ஆயுதம் எதையும் தொடக்கூடாது. அவளும் தொடவில்லை. வெகுநாளைக்குப் பிறகு இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் விஜயதசமி. எங்கள் ஆட்களுக்கு அன்றைக்குத் தொழிலைக் கொஞ்சமாவது தொடங்கியே ஆக வேண்டும். குழந்தை அரிசியில் எழுதும், நான் ஒரு ஆணியாவது விற்பேன். கிருஷாந்தியும் "சாத்திரத்துக்கு" மெசினைப் போட்டாள். காலையிலிருந்தே தூறல். அறையில் சாம்பிராணி வாசம் போகாததால் ரிஸ்னாவுக்குத் தலையிடி, ஆகவே ஜன்னல் திறந்தபடி. ஜன்னல் திறந்திருந்ததால் ஏசியும் போடவில்லை. ஒரு சின்னத் துண்டு நூற்று எடுத்தார்கள். நம்பிக்கை இல்லாமல்தான் ரிஸ்னா அதில் செல்லை விட்டாள்.

அடுத்த நாள் நான் கடையில் ஒரு வாடிக்கையாளருக்குத் தண்ணீர் டாங்கி காட்டிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ரிஸ்னா.

"நானா! ஒட்டீக்கி! எல்லாம் காலப் பரத்திக்கொண்டு ஒட்டீக்கி! மிஸ் அழுறாங்க, நீங்க வாங்கோ!"

டாங்கியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். நிஸாம் பேக்கரியிலிருந்து கத்தினான், "என்ன, புள்ளையா?" ஏறக்குறைய அப்படித்தான் என்று கத்திவிட்டு வானை எடுத்தேன். போனதும் அவள் என்னை நுணுக்குக்காட்டியின் முன்னால் இழுத்து நிறுத்தினாள். சாயம் ஏற்றிப் பச்சையாக மினுங்கும் செல்கள், நட்சத்திரம் மாதிரி கைகால் நீட்டி, நூலைப் பிடித்துக்கொண்டு இருந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா! சரஸ்வதி! நான் சொன்னேனா இல்லையா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முகத்தில் அந்தப் பழைய பிடிவாதம் திரும்பி வந்திருந்தது. "சரஸ்வதியா, வேற ஏதாச்சுமான்னு பாத்திருவோம்."

அடுத்து அவள் செய்ததை எந்தப் புருஷனும் தாங்க மாட்டான். பூசையைச் சோதிக்கக் கிளம்பினாள். முதலில் பூசை உண்டு, ஜன்னல் இல்லை. ஜன்னலை இறுக மூடி ஏசியைப் போட்டு, புகை மணிக்காகச் சாம்பிராணியை வெளியே வராந்தாவில் காட்டச் சொன்னாள். நான் முழு மனதோடு, இந்தத் தடவை தேவாரத்தை முழுதாகப் பாடமாக்கிக்கொண்டு போய்ப் பாடினேன். பிறகு ஜன்னல் உண்டு, பூசை இல்லை. என்னைக் கட்டடத்துக்குள்ளேயே விடவில்லை. கதவிலிருந்த பொட்டை அழிக்க நான் சம்மதிக்காததால் அதன்மேல் ஒரு பிளாஸ்டரை ஒட்டி மறைத்தாள். வெளியே வானுக்குள் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டு, நான் சரஸ்வதியிடம் அவளுக்காக மன்னிப்புக் கேட்டேன்.

நான் பாடிய துணியில் ஒரு செல்கூட ஒட்டவில்லை. என்னை வெளியே வைத்துச் செய்த துணியில் மொய்த்துக் கிடந்தன.

இரண்டு நாள் நான் அவளோடு சரியாகப் பேசவில்லை. உம்மென்று இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் பிளேன்டியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கோவமா?"

"எனக்கென்ன கோவம். படிச்சவங்க சொன்னா சரிதான்."

"நீங்க அன்னைக்கு வந்து புகை போடலன்னா அந்த ஜன்னலை யாருங்க தொறந்திருப்பா? நான் சாகிற வரைக்கும் மூடித்தான் வச்சிருப்பேன்" என்று என் தோளில் சாய்ந்தாள். எனக்கு உடனே வாயெல்லாம் பல்லாகிவிட்டது. கோபம் எவ்வளவு வேகமாக வருமோ அவ்வளவு வேகமாகப் போகிற ஆள் நான்.

விஷயம் காற்றில்தான் இருந்தது. மின்னணு நுணுக்குக்காட்டியில் எடுத்த இரண்டு படங்களைக் காட்டினாள். ஏசி அறையில் செய்த நூல் வழுவழுவென்று, பிளாஸ்டிக் குழாய் மாதிரி இருந்தது. ஜன்னல் திறந்து செய்ததில் உடம்பு முழுவதும் குட்டிக் குட்டிக் குழிகள், அப்பத்தின் நடுவில் இருக்குமே, அது மாதிரி. நூல் காய்வதற்குள் மழைக்காற்றின் ஈரம் அதன்மேல் மெல்லிய துளிகளாகப் படிகிறது. துளி உலர்ந்ததும் அந்த இடம் குழியாகிவிடுகிறது. வழுக்குகிற தரையில் நம் கால் நிற்குமா? செல்லுக்கும் அதேதான். குழி இருந்தால் காலூன்றிக்கொள்கிறது.

பழைய அறையில் ஜன்னல் மூடாததால் அந்த ஈரம் தானாகவே கிடைத்துக்கொண்டிருந்தது. ஈரம் காட்டும் கருவி எதிர்ச் சுவரில், ஏசியின் கீழே தொங்கியது. அது ஏசிக் காற்றின் கணக்கைத்தான் சொன்னது. அதை நம்பி, "ஏசி போட்ட உலர்ந்த அறையில் செய்யப்பட்டது" என்று கட்டுரையில் ஒரு வரி எழுதிவிட்டாள். பின்லாந்தில் அந்த மனுஷி அதை அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார், பாவம்.

ஆனால் இன்னும் பாதிதான் தாண்டியிருந்தது. தனக்கு ஒட்டினால் மட்டும் போதாது என்று சொன்னவள் அவள். கண்டி மழை கண்டியில்தான் பெய்யும், பின்லாந்தில் கொண்டுபோய் எப்படிப் பெய்யவைப்பது? தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. என்ன ஈரம் வேண்டும், எவ்வளவு நேரம், எந்தப் பக்கத்திலிருந்து என்று எல்லாவற்றையும் அளந்து ஐனோவுக்கு எழுதினாள். பிளாஸ்டரைப் பிய்த்துவிட்டு ரிஸ்னா மெசினை நாலு பக்கமும் படம் பிடித்தாள், அதையும் அனுப்பினார்கள். படத்தில் இருப்பது போலவே வையுங்கள், எதையும் மாற்றாதீர்கள் என்று கிருஷாந்தி கடைசியில் எழுதினாள். பிறகு பதிலே இல்லை.

தீபாவளிக்கு முதல் நாள் பின்னேரம் முறுக்கும் அதிரசமும் எடுத்துக்கொண்டு அவளைக் கூட்டிவரப் போனேன். கொம்பியூட்டரின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ரிஸ்னா. ஐனோ பேச வருவதாகச் செய்தி அனுப்பியிருக்கிறார், ஒட்டியதா இல்லையா என்று மட்டும் சொல்லவில்லை. நான் பெட்டியைத் திறந்து அதிரசத்தை நீட்டினேன். அவள் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள், கடிக்கவில்லை.

"இல்லன்னு சொன்னா இன்னைக்கே எழுதிக் குடுத்திருவேங்க" என்றாள். "நீங்க ஒண்ணும் சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேன். எழுது. நான் பக்கத்துல இருக்கேன்."

திரை வெளிச்சமானது. வெள்ளைத் தலைமுடியோடு ஓர் அம்மா. வணக்கம்கூடச் சொல்லவில்லை. ஒரு படத்தைத் தூக்கித் திரையில் போட்டார். நட்சத்திரங்கள்! பச்சையாக, கைகால் நீட்டி, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, எங்கள் நட்சத்திரங்கள் மாதிரியே. "ஒட்டிக்கொண்டன" என்றார் இங்கிலீஷில். "எல்லாமே."

ரிஸ்னா வீரிட்டாள். கிருஷாந்தி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள், அதிரசம் மடியில் நொறுங்கியது. எனக்கும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது, துடைக்கவும் இல்லை. கட்டுரை தப்பியது. அந்த ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

ஐனோ சிரித்துக்கொண்டே கமெராவைத் தூக்கித் தன் மெசின் பக்கம் திருப்பினார். பக்கத்தில் ஒரு மின்சாரக் கேத்தல், மூடியைத் திறந்து வைத்து, குபுகுபுவென்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதுதான் அவர்களுடைய கண்டி மழை. எனக்கு ஆனால் கேத்தல் கண்ணில் படவில்லை. மெசினின் கண்ணாடிக் கதவைத்தான் பார்த்தேன். அதில் மஞ்சளாக ஒரு தீற்றல். அதன் நடுவில் சிவப்பாக, வட்டமாக, பெரிய பொட்டு.

"ஒன்றைக் கேட்க வேண்டும்" என்றார் ஐனோ, முகத்தில் கொஞ்சம் சங்கடத்தோடு. "எதையும் மாற்றாதீர்கள் என்றீர்கள். படத்தில் இது இருந்தது. எங்களிடம் அந்தப் பொருள் இல்லை. மஞ்சளுக்குக் கடுகுச் சாந்தும் சிவப்புக்கு என் லிப்ஸ்டிக்கும் பூசினோம். அது என்ன, எதற்கு? கட்டுரையில் எழுத வேண்டுமா?"

நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். "பாத்தியா! பாத்தியா!" அதற்குமேல் வார்த்தை வரவில்லை. ரிஸ்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கிருஷாந்தி அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தாள். சோதித்து, இல்லை என்று நிரூபித்து, பிளாஸ்டர் போட்டு மறைத்தவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக் கமெராவுக்கு முன்னால் நிறுத்தினாள்.

"இவர் என் கணவர். அதை வைத்தது இவர்தான். கட்டுரையில் எழுதத் தேவையில்லை." என் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். "ஆனால் தயவுசெய்து அதை அழித்துவிடாதீர்கள்."

வெளியே மழை தொடங்கியது. அம்பிட்டியவில் மற்ற எல்லோரும் ஜன்னலை மூட ஓடியிருப்பார்கள். நான் போய் எங்களுடையதை நன்றாகத் திறந்துவிட்டேன்.